காற்று பிரிதல்

மூன்று நாளாகப் போகவில்லை என்றார்.
மலமா, காற்றா என்றேன்.
இரண்டும்தான் என்றாள் மனைவி பாசிலியா.
அவருக்கு மேற்கொண்டு பேச மூச்சில்லை.

ஒரூரோவுக்குத் தெற்கே,
நாலாயிரம் மீட்டர் உயரத்தில் எங்கள் ஆஸ்பத்திரி.
சமவெளிக்காரி எனக்கு
படியேறினாலே நெஞ்சடைக்கும்.
எலெவ்தேரியோ சோக்கே
கினோவா மூட்டைகளுக்கு நடுவே
ஆறு மணி நேரம் லாரியில் வந்திருந்தார்,
உள்ளே யாரோ கூடாரம் அடித்ததுபோல்
வயிறு போஞ்சோவை முட்டிக்கொண்டிருக்க.

விரலால் தட்டினேன்.
இந்தப் பக்கம் முரசு, அந்தப் பக்கமும் முரசு.
ஸ்டெதஸ்கோப்பில்
பூட்டிய வீட்டுக்குள்
ஒற்றைக் குழாய் சொட்டும் சத்தம்.

மலைக்காரர்களுக்குக் குடல் நீளம்.
காற்றழுத்தம் என்பார் ஒருவர்.
உறையவைத்துக் காயவைத்த கிழங்கு என்பார் இன்னொருவர்.
எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்:
நீளமான கயிறு முறுக்கிக்கொள்ளும்.

எக்ஸ்ரே படம் ஈரத்தோடு வந்தது.
ஜன்னலில் ஒட்டினேன், பின்னால் பனிமலை.
வயிறு முழுக்க ஒரே ஒரு காப்பிக்கொட்டை.
பாடப்புத்தகத்திலும் அதற்கு அதுதான் பெயர்.
"இவர் காப்பியே குடிக்கமாட்டாரே"
என்றாள் பாசிலியா,
கூண்டில் நிற்பவனுக்குச் சாட்சி சொல்வதுபோல்.

அன்று கத்தி தேவைப்படவில்லை.
இடப்பக்கமாகப் படுக்கவைத்து
பின்வாசல் வழியே குழாயை நகர்த்தினேன்,
திருடனின் பொறுமையோடு.
இருபது சென்டிமீட்டரில் ஒரு கதவு.
தள்ளக் கூடாது. நிற்கணும்.
நின்றேன்.

அப்புறம் நடந்ததில்
என் கவுன்,
நர்ஸ் ருஃபீனாவின் புதுச் செருப்பு,
சுவர்க் காலண்டரில் ஏப்ரல் முழுவதும்.
வயிறு இறங்கியது.
கோக்கா இலை படிந்த பச்சைப் பற்களோடு
எலெவ்தேரியோ சிரித்தார்.
நாங்களும்தான், மூக்கைப் பிடித்துக்கொண்டு.

இது திரும்பவும் முறுக்கும் என்றேன்.
மிச்ச நீளத்தை இந்த வாரமே வெட்டி எடுத்துவிடலாம்.
அறுவடை முடியட்டும் என்றார்.
வேண்டாம் என்று எழுதித் தந்தார்.
கைநாட்டு இல்லை, கையெழுத்து.
என் எழுத்தைவிடத் தெளிவு.

பத்தொன்பது நாள்.

இம்முறை முரசு இல்லை, பலகை.
போர்வை உரசினாலே முகம் சுளித்தார்.
நாடி நூற்று முப்பது.
ஏன் வரவில்லை என்று நான் கேட்கவில்லை.
நேரமில்லை என்பது பாதிக் காரணம்.

வயிற்றைத் திறந்ததும்
கண்ணுக்கு முன்னால் மூக்கு அறிந்தது.
லாரி டயர் டியூப் போலப் பருத்து
கத்தரிக்காய்க் கறுப்பில் குடல்.
கடிகாரத்துக்கு எதிராக ஒன்றரைச் சுற்று.
முடிச்சைக் கண்டால் அவிழ்க்கத்தான் போகும் கை.
போனது.
பாதியில் நிறுத்தினேன்:
செத்த குடலை அவிழ்த்தால்
உள்ளே தேங்கிய விஷம் ரத்தத்தில் இறங்கும்.
முறுக்கோடு கட்டி, முறுக்கோடு வெட்டு.

அறுபத்தெட்டு சென்டிமீட்டர்.
ருஃபீனா அளந்தாள், எழுதினாள், மூடினாள்.
கீழ்முனையைத் தைத்து அடைத்தேன்.
மேல்முனையை இடுப்புக்கு மேலே
வெளியில் எடுத்துத் தோலோடு தைத்தேன்.
நாக்கின் நிறத்தில் ஒரு வாய்.
ஆறு மாதத்துக்கு அதுதான் வாசல்.

வராந்தாவில் பதினோரு உறவினர்.
சிலர் முன்கூட்டியே கறுப்பில்.
உயிர் பிரிந்துவிட்டதா
என்று கேட்க வந்த முகங்கள்.
இன்னும் காற்றே பிரியவில்லை என்றேன்.

முதல் நாள் இல்லை.
இரண்டாம் நாள் காய்ச்சல்.
மூன்றாம் நாள் ராத்திரி
கட்டில் ஓரமாக உட்கார்ந்து
ஒரு காலிப் பையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்,
கடன் கொடுத்தவள் வாசலைப் பார்ப்பதுபோல்.

நாலாம் நாள் விடியலில் பை உப்பியிருந்தது.
பாசிலியா அதை மெல்லத் தட்டிப் பார்த்தாள்,
என்னைப் போலவே, இரண்டு விரலால்.

வீட்டுக்குப் போகும் அன்று
எலெவ்தேரியோ அந்தப் படத்தைக் கேட்டார்,
காப்பிக்கொட்டைப் படத்தை.
எதற்கு, ஞாபகத்துக்கா என்றேன்.
இல்லை டாக்டர்,
அடுப்படி ஜன்னலில் ஒரு கண்ணாடி உடைந்திருக்கிறது.
காற்று வருகிறது.